சன்ரைஸ் இசுமோ: சின்ன ஊரிலிருந்து டோக்கியோவுக்குப் படுத்துக்கொண்டே போகும் ரயில்

ஜப்பானில் பெரிய நகரங்களை விட்டுத் தள்ளி, சின்ன ஊர்களில் வேலை கிடைத்து வந்திருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு. நீண்ட லீவு வந்தால் டோக்கியோவுக்கு எதில் போவது? நான் இருப்பது ஷிமானே மாகாணத்தில் உள்ள இசுமோ. என்னைக் கேட்டால் சன்ரைஸ் இசுமோ இரவு ரயிலில் போங்கள் என்பேன். டிக்கெட் விலை குறைவில்லை, கிடைப்பதும் எளிதில்லை, உள்ளே சாப்பிட எதுவும் விற்பதில்லை. ஆனாலும் மே மாதத் தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறைக்கு இதிலேயே போய் இதிலேயே திரும்பி வந்த பிறகு, அடுத்த முறையும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் எங்கள் ஊர் நிலைமையைச் சொல்கிறேன். ஷிமானேயிலும் பக்கத்து தொத்தோரியிலும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் கிடையாது. ரயிலிலேயே போக வேண்டுமென்றால் யாகுமோ என்ற எக்ஸ்பிரஸ் பிடித்து, மலைகளைத் தாண்டி ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஒகாயாமா போய், அங்கே நொசோமி ஷின்கான்சென் மாறி இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அதற்கும் இருபதாயிரம் யென்னுக்குக் குறையாது. கோல்டன் வீக், ஆகஸ்ட் மாத ஓபோன், புத்தாண்டு சமயங்களில் நொசோமி முழுக்க முன்பதிவு இருக்கைகள்தான், முன்பு மாதிரி ஓடிப்போய் முன்பதிவில்லாத பெட்டியில் இடம் பிடிக்க முடியாது. விமானம் இருக்கிறது, இசுமோவிலிருந்து டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. லீவு நாட்களில் அதன் விலை ஏறிவிடும். மலிவாகப் போக இரவு பஸ் உண்டு, முதுகு ஒத்துழைத்தால் போகலாம்.

டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கும் என் பெரியம்மா மகள், நான் ரயிலில் வருகிறேன் என்று சொன்னதுமே, "ஏன்டி, ஃப்ளைட்ல ஏறுனா ஒன்றரை மணி நேரம், அதை விட்டுட்டு பன்னிரண்டு மணி நேரம் ரயில்லயா?" என்றாள். கேள்வி சரிதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி போட வேண்டும். இந்த ரயில் மாலை 6.57க்கு இசுமோவிலிருந்து கிளம்பி மறுநாள் காலை 7.08க்கு டோக்கியோ ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறது. அதாவது வேலை முடிந்து வீட்டுக்குப் போய் பையை எடுத்துக்கொண்டு ஏறினால், லீவின் முதல் நாள் காலையில் நகரத்தின் நடுவில் இறங்குகிறோம். பயணத்துக்காக ஒரு பகல் வீணாவதில்லை, ஒரு இரவு ஹோட்டல் செலவும் இல்லை. சில நாட்களே லீவு கிடைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். ஜப்பான் ரயில் பாஸ் நமக்குப் பொருந்தாது. குறுகிய காலப் பார்வையாளராக நாட்டுக்குள் வந்தவர்களுக்குத்தான் அது. கையில் குடியிருப்பு அட்டை வைத்துக்கொண்டு இங்கேயே வேலை பார்த்து வரி கட்டும் நாம் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போக வேண்டும். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸே 50,000 யென் ஆகிவிட்டது, அதனால் பெரிய இழப்பு என்றும் இல்லை. அப்பா அம்மா பாஸ் வாங்கிக்கொண்டு வந்து உங்களோடு இந்த ரயிலில் ஏறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அறை எடுத்தால் எக்ஸ்பிரஸ் கட்டணமும் படுக்கைக் கட்டணமும் அவர்களும் தனியாகக் கட்ட வேண்டும். தரையில் படுக்கும் நோபிநோபி இடத்துக்கு மட்டும் பாஸ் செல்லும்.

இப்போது கட்டணம். இசுமோவிலிருந்து டோக்கியோ 950 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம், எக்ஸ்பிரஸ் கட்டணம் 3,300 யென், அதோடு அறைக்கு ஏற்ப படுக்கைக் கட்டணம். சோலோ என்ற மிகச் சின்ன அறைக்கு 6,600, சிங்கிளுக்கு 7,700. நோபிநோபிக்குப் படுக்கைக் கட்டணமே இல்லை, 530 யென் முன்பதிவுக் கட்டணம் மட்டும். எல்லாம் சேர்த்து சிங்கிள் அறை ஒரு வழிக்கு 23,000 யென்னைத் தாண்டுகிறது, நோபிநோபி 16,000 யென் அளவில் வருகிறது. ஷின்கான்சென் டிக்கெட்டோடு ஒரு பிசினஸ் ஹோட்டல் அறையையும் சேர்த்துப் பாருங்கள், சிங்கிள் அறை நியாயமான விலைதான் என்று தெரியும். 

டிக்கெட் எடுப்பதுதான் உண்மையான வேலை. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அதே தேதியில் காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். மே 2ஆம் தேதி இரவு கிளம்ப ஏப்ரல் 2ஆம் தேதி காலை 10 மணி. சன்ரைஸ் இசுமோவின் ஏழு பெட்டிகளில் சிங்கிள் அறைகள் 80 இருக்கின்றன, அதுதான் நமக்கு நம்பிக்கை. இருவர் தங்கும் சன்ரைஸ் ட்வின் வெறும் நான்கு அறைகள், சொந்தமாக ஷவர் உரிமையோடு வரும் சிங்கிள் டீலக்ஸ் ஆறு. லீவு நாட்களில் இந்த இரண்டையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜே.ஆர். மேற்கு என்ற ரயில் நிறுவனத்தின் இணைய முன்பதிவிலும் எடுக்கலாம், ஸ்டேஷனில் பச்சை நிற டிக்கெட் கவுண்டரிலும் எடுக்கலாம். கவுண்டருக்குப் போவதாக இருந்தால் ஒரு தாளில் தேதி, ரயில் பெயர், ஏறும் இறங்கும் ஸ்டேஷன், முதலில் வேண்டிய அறை, அது இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டு போய்விடுங்கள். பேச்சு ஜப்பானிய மொழி சுமாராக இருந்தாலும் அந்தத் தாள் எல்லாவற்றையும் பேசிவிடும். கூட்டம் அதிகமான நாட்களில் சன்ரைஸ் இசுமோ 91, 92 என்ற எண்களில் கூடுதல் ரயிலும் விடுகிறார்கள், பலர் அதைத் தேடுவதில்லை.

இனி அறை. எனக்குக் கிடைத்தது சிங்கிள், மேல்தளம். இந்த ரயில் 1998இல் ஓடத் தொடங்கியது, உள்ளே வடிவமைத்ததில் மிசாவா ஹோம்ஸ் என்ற வீடு கட்டும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அது உள்ளே நுழைந்ததும் தெரிகிறது. சுவரெல்லாம் வெளிர் மர நிறம், மஞ்சள் விளக்கு. நடுவில் குறுகலான நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள், சில படி ஏறினால் மேல்தள அறை, சில படி இறங்கினால் கீழ்தள அறை. அறை என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம், கட்டில்தான் அறை. கால் நீட்டிப் படுக்கலாம், உட்காரலாம், கதவருகில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு சின்ன மேஜைப் பலகை, கண்ணாடி, ப்ளக் பாயிண்ட், அலாரம், தலையணை, போர்வை, மடித்து வைத்த இரவு உடை, செருப்பு. பல் துலக்கும் பிரஷ், துண்டு எல்லாம் நாமே கொண்டு போக வேண்டும். பெரிய பெட்டி இருந்தால் கட்டிலின் ஓரத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும், அதனால் சின்னப் பையோடு போவது நல்லது.

கதவுக்கு எண் பூட்டு. நாமே நான்கு இலக்க எண் வைத்துப் பூட்டிவிட்டுக் கழிப்பறைக்கோ ஷவருக்கோ போய் வரலாம். தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் பையைத் தலைக்கு வைத்து, செயினைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்கிய எனக்கு, பூட்டிய அறைக்குள் ரயிலின் ஆட்டத்தோடு முழுத் தூக்கம் தூங்குவது புது அனுபவம். 

மேல்தளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் பக்கவாட்டில் தொடங்கிக் கூரை வரை வளைந்து போகிறது, படுத்தபடியே வானம் தெரியும். கீழ்தளத்தின் ஜன்னல் நடைமேடை மட்டத்தில் இருக்கிறது, ஸ்டேஷனில் நிற்கும்போது பக்கத்தில் நடப்பவர்களின் கால்கள் தெரியும், திரையை மூடித்தான் வைக்க வேண்டும். ஆனால் ஆட்டம் கீழே குறைவு. ஒகாயாமா வரையிலான ஹகுபி பாதை ஆற்றோடு வளைந்து வளைந்து மலைக்குள் போவதால், வண்டியில் போனால் தலை சுற்றும் என்பவர்களுக்குக் கீழ்தளமே சரி.

அப்புறம், டோக்கியோ போகும்போது இடப்பக்க அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஷின்ஜி ஏரி வந்துவிடும். ஷிஜிமி என்ற சின்னச் சிப்பிக்குப் பேர்போன ஏரி, எங்கள் பக்கத்து அழகெல்லாம் அதுதான். மே மாதத் தொடக்கத்தில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது, அதனால் ரயில் ஏரிக்கரையைத் தொடும்போது வானத்தில் சிவப்பு மிச்சம் இருக்கிறது, தண்ணீரும் அதே நிறம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், விளக்கு எரிந்தால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிற ஏரிதான், ஆனால் படுத்துக்கொண்டு பார்த்தபோது இவ்வளவு நீளமா என்று தோன்றியது. மத்சுயே, யாசுகி, யோனாகோ தாண்டியதும் இருட்டு. மலைக்குள் போன பிறகு எங்கோ ஒரு வீட்டு விளக்கு, ஒரு ரயில்வே கேட்டின் சிவப்பு, அவ்வளவுதான்.

சாப்பாட்டை நான் கையோடு கொண்டு போனேன். வண்டியில் குளிர்பானம் விற்கும் இயந்திரம் மட்டும்தான், சாப்பாட்டுப் பெட்டி கிடையாது, தள்ளுவண்டியும் வராது. மீன், இறைச்சி சாப்பிடுபவர்கள் ஸ்டேஷனில் விற்கும் பெந்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம். சைவர்களுக்கு அதில் ஆபத்து அதிகம், காய்கறிபோல் தெரிவதும் மீன் சாற்றில் வெந்திருக்கும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனேன். ஷின்கான்செனில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ என்று டப்பாவைத் திறக்கவே தயங்குவோம் அல்லவா, இங்கே கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே தனி அறைக்குக் காசு கொடுக்கலாம் என்பேன்.

ஷவர் பற்றி. 10ஆம் பெட்டியில் பொது ஷவர் இருக்கிறது (நம் ஏழு பெட்டிகளுக்கு எண் 8 முதல் 14 வரை). 330 யென் கொடுத்து இயந்திரத்தில் அட்டை வாங்க வேண்டும், தண்ணீர் ஓடும் நேரம் மட்டும் கணக்கில் எடுத்து ஆறு நிமிடம். நிறுத்தி நிறுத்திக் குளித்தால் நீண்ட கூந்தலைக்கூட அலசிவிடலாம். அட்டைகள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும், முதலில் வருபவர்களுக்கே கிடைக்கும். இசுமோ முதல் ஸ்டேஷன் என்பதால் அங்கே ஏறுபவர்களுக்கு இதில் ஒரு வசதி: பையை அறையில் வைத்ததும் நேராகப் போய் வாங்கிவிடுங்கள். ஷவருக்குப் பக்கத்திலேயே ஜன்னலைப் பார்த்து உட்காரும் சின்ன இடமும் உண்டு. 

இரவு பத்தரை மணி வாக்கில் ஒகாயாமா. ஷிகோகு தீவின் தகாமத்சுவிலிருந்து வரும் சன்ரைஸ் செத்தோ இங்கே நம் ரயிலோடு சேர்ந்து, ஏழும் ஏழும் பதினான்கு பெட்டியாகிறது. இரண்டு வண்டியும் முகத்தோடு முகம் வைத்துச் சேர்வதைப் பார்க்கப் பலர் கேமராவோடு இறங்கி நிற்பார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டி ஒசாகாவில் நிற்கும். ஷின்கான்சென் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஓடாது, ஒசாகாவின் முதல் நொசோமி டோக்கியோ சேர எட்டு மணி தாண்டிவிடும். அதற்கெல்லாம் முன்பே இந்த ரயில் சேர்ந்துவிடுவதால் அந்த நேரத்திலும் ஆட்கள் ஏறுகிறார்கள். இரவில் அறிவிப்புகளை நிறுத்திவிடுகிறார்கள், தூக்கம் கெடுவதில்லை.

ஷிசுவோகா தாண்டியதும் எழுந்துவிடுங்கள், அலாரம் வைத்தாவது. மே மாதத்தில் ஐந்து மணிக்கே நன்றாக விடிந்துவிடுகிறது. மேகம் இல்லாத காலையாக இருந்ததால் ஃபுஜி மலை இடப்பக்கம் முழுசாக நின்றது, உச்சியில் பனியோடு. ஷின்கான்செனில் அதைப் பார்த்திருக்கிறேன், போனை எடுப்பதற்குள் போய்விடும். இது பழைய பாதையில் மெதுவாகப் போகிற வண்டி, போர்வையைப் போர்த்திக்கொண்டு வேண்டிய மட்டும் பார்க்கலாம். அதாமி பக்கம் கடல் வலப்பக்கம் வரும். யோகோஹாமா வந்தால் எதிர்த் தண்டவாளங்களில் கூட்டம் நிரம்பிய உள்ளூர் ரயில்கள், சின்ன ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கேதான் நகரம் ஆரம்பிக்கிறது.

ஏழு மணிக்கு டோக்கியோ ஸ்டேஷனில் இறங்கினால் என்ன செய்வது, கடைகள் எல்லாம் பத்து மணிக்கு மேல்தானே என்று யோசிக்கலாம். பையை லாக்கரில் போட்டுவிட்டு மருநோஉச்சி பக்கம் வெளியே வந்து, 1914இல் திறந்த ஸ்டேஷனின் செங்கல் கட்டடத்தைக் கூட்டம் இல்லாமல் பாருங்கள். போரில் மேல்தளமும் குவிமாடங்களும் போய், 2012இல்தான் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அரண்மனை வெளித்தோட்டம் நடக்கும் தூரம்தான். அசகுசா சென்சோஜி கோயிலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், பத்து மணிக்கு மேல் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

நான் நேராக ஓத்தேமாச்சி நடந்து தோசாய் லைன் மெட்ரோ பிடித்து நிஷிகசாய் போனேன், கால் மணி நேரம்தான். 2000ஆம் ஆண்டுக் கம்ப்யூட்டர் பிரச்சினைக்காக வந்த இந்திய இன்ஜினியர்கள் குடியேறி வளர்ந்த இடம் அது. ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒரு அம்மா போனில் "பால் வாங்கிட்டு வரேன், அடுப்பை சிம்ல வை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். இசுமோவில் என்னைத் தவிரத் தமிழ் பேசும் ஆள் எனக்குத் தெரிந்து இல்லை, பிரேசில் நாட்டவர்கள்தான் நிறைய. அந்த ஒரு வரியைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஊர்ச்சத்தம் காதில் விழுந்தால்தான் லீவு லீவாக இருக்கிறது.

திரும்பும் ரயில் டோக்கியோவில் இரவு 9.50க்கு. இது இன்னும் நல்ல நேரம், கடைசி நாள் முழுவதும் சுற்றிவிட்டு, அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இட்லி அரிசி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பையில் அடைத்துக்கொண்டு ஏறலாம். இந்தப் பக்கம் ஷவர் அட்டைக்கு வரிசை நிற்கும், வண்டி நடைமேடைக்கு வரும் முன்பே 10ஆம் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். காலை 6.27க்கு ஒகாயாமாவில் இரண்டு வண்டியும் பிரியும். அதற்குப் பிறகு வரும் மூன்றரை மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். போகும்போது இருட்டில் தவறிப்போன தகாஹாஷி ஆறும் மலைக் கிராமங்களும் இப்போது பகலில் வருகின்றன, மே மாதத்தில் வயல்களில் தண்ணீர் கட்டி நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். யோனாகோவை நெருங்கும்போது வலப்பக்கம் தைசென் மலை, பிறகு அதே பக்கத்தில் ஷின்ஜி ஏரி. 9.58க்கு இசுமோ.

இந்த ரயில் எல்லோருக்கும் ஒத்துவராது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர்களுக்கு இரவு நீளமாக இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோரோடு ஒரே படுக்கையில் படுக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் படுக்கை ஒருவருக்கான அகலம்தான். நோபிநோபி என்பது கம்பளம் விரித்த தரை, தலைப்பக்கம் மட்டும் சின்னத் தடுப்பு, கதவு இல்லை, மெத்தை இல்லை. இளைஞர்கள் சந்தோஷமாகப் போகிறார்கள். என் அம்மா வந்தால் அங்கே படுக்க வைக்க மாட்டேன். புயல் காலத்திலும் கடும் பனியிலும் ரயில் ரத்தாக வாய்ப்பு உண்டு, ஆகவே டோக்கியோவில் அன்றைக்கே விசா நேர்காணலோ வெளிநாட்டு விமானமோ வைத்துக்கொண்டு இதில் ஏறாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் எக்ஸ்பிரஸ் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள்.

ஜப்பானில் தினமும் ஓடும் படுக்கை ரயில் இந்த இசுமோ, செத்தோ ஜோடி ஒன்றுதான் மிச்சம். பழைய நீல நிற இசுமோ ரயில் 2006இல் நின்றது, வடக்கே ஹொக்கைதோ போய்க்கொண்டிருந்த ஹொகுதோசெய் 2015இல் நின்றது. இந்தப் பெட்டிகளுக்கும் வயதாகிறது. இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருப்பவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவதற்குள் ஒருமுறை ஏறிவிடுங்கள். ஓபோன் லீவுக்கு ஆகஸ்ட் 12ஆம் தேதி இரவு கிளம்ப நினைத்தால், ஜூலை 12ஆம் தேதி காலை 10 மணிக்குச் சிங்கிள், மேல்தளம், இடப்பக்கம் என்று கேளுங்கள்.